அஃப்ராவின் சுரண்டாத மரங்கள்

அஃப்ராவைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அவளும் ஊரைப் பற்றி நல்லதாக எதுவும் சொன்னதில்லை, அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மார்ட்டெல் மலைச்சரிவில் பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவள். போர் முடிந்த மறு வருஷம், பதினைந்து வயதில், ஒரு துணி மூட்டையோடு கீழே இறங்கி மேல்வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சர்ச்சுக்கு மேலே கல்சுவர் எழுப்பி நிற்கிற பண்ணைதான் மேல்வீடு. அங்கிருந்து ஆறு வரைக்கும் இருக்கிற ஆப்பிள் தோட்டத்தில் பாதி அவர்களுடையது. அஃப்ரா பார்த்துக்கொள்ள வேண்டியது ஆறு மாடுகள், ஒரு கிழவர், அவருடைய இரண்டு மகன்கள். இந்த ஒன்பது பேரில் மாடுகளோடு மட்டும் அவளுக்குச் சண்டை வந்ததில்லை.

மூத்தவர் செவெரின், இளையவன் காசியான். எங்கள் பக்கத்தில் பண்ணையைத் துண்டு போடுகிற வழக்கம் கிடையாது. முழுதும் மூத்தவனுக்குப் போகும், இளையவன் அண்ணனிடமே கூலி வேலை பார்ப்பான், இல்லாவிட்டால் பாதிரியாராகப் போவான். காசியான் இரண்டும் செய்யாமல் மாட்டுக்கொட்டகைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாண விருந்தில் செவெரின் தட்டைத் தொடவில்லை. "சாணி வாசனைல எனக்கு மாவுருண்டை தொண்டைல இறங்காது" என்று பெண்ணின் காதில் விழும்படியே சொன்னார். அஃப்ரா அவருடைய தட்டையும் எடுத்துச் சாப்பிட்டாள்.

கிழவர் சாவதற்கு முன்னால் ஒரு காகிதம் எழுதினார். இளையவன் மேல் இரக்கமா, மூத்தவன் மேல் கடுப்பா என்று இன்று வரை தெரியாது. ஆற்றோரத்து நிலம், அதில் இருநூற்றுப் பன்னிரண்டு மரம், ஆப்பிள் கொட்டகை, அதன் மேல் இருக்கிற அறை எல்லாம் செவெரின் பேரில்தான். ஆனால் காசியானும் அவனுக்குப் பின் அவன் மனைவியும் சாகிற வரை அதை ஆண்டு அனுபவிக்கலாம், "ஒழுங்கான விவசாயி வைத்திருப்பதுபோல் வைத்திருக்கும் வரை." ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளன்று, செவெரினும் அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவரும் நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த நாளில்தான் அந்தக் காலத்தில் வேலைக்காரர்களை மாற்றுவார்கள், குத்தகையைத் தீர்ப்பார்கள். மூவரும் சேர்ந்து இல்லை என்று கையெழுத்துப் போட்டால் நிலம் மேல்வீட்டுக்குத் திரும்பிவிடும்.

ஒழுங்கான விவசாயி என்றால் யார் என்று கிழவர் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. குளிர்காலத்தில் இரும்புச் சுரண்டியால் மரத்தின் பழைய பட்டையைச் சுரண்டி எடுப்பவன். பிறகு மொட்டு விடுவதற்கு முன் மஞ்சள் மருந்து அடிப்பவன். பட்டைக்குள் இருக்கிற பூச்சியும் முட்டையும் அதில் செத்துப்போகும் என்பது கணக்கு. பிப்ரவரி கடைசியில் எங்கள் பள்ளத்தாக்கு முழுதும் மஞ்சளாகிவிடும். மரம், அடியில் கிடக்கிற பனி, ஆண்களின் கை, சர்ச்சில் அவர்கள் சாய்ந்து உட்கார்ந்த பலகை வரைக்கும் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அடுத்தவன் மரத்தில் கை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளங்கையில் செதில் ஒட்டினால் அவன் கதை முடிந்தது; மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதுகூடக் கஷ்டம்.

அறுபத்தெட்டாம் வருஷம் மார்ச்சில் தெற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசிய ஒரு வாரத்தில், காசியான் அண்ணனுடைய தோட்டம் முழுதுக்கும் மருந்து அடித்தான். பீய்ச்சுகிற குழாய் அவன் கையில், இயந்திரம் அண்ணனுடையது, அவசரமும் அண்ணனுடையது. மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது. வேர்வை படுக்கையை நனைத்துத் தரையில் சொட்டியது. "உள்ள யாரோ அடுப்பு மூட்டின மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் மத்தியானம் செத்துப்போனான். நெஞ்சுக்கோளாறு என்று டாக்டர் எழுதினார். அஃப்ரா பிணத்தைக் கழுவும்போது உள்ளங்கையிலும் காதுக்குப் பின்னாலும் இருந்த மஞ்சள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் கொட்டகையில் மிச்சமிருந்த மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போய் மேல்வீட்டு வாசற்படியில் வைத்தாள்.

"இது இனிமே ஆத்துப் பக்கம் வராது, மேல்வீட்டுக்காரரே."

"ஊரே அடிக்குது, யாரும் சாகலை" என்றார் செவெரின். "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே நெஞ்சு பலவீனம்."

"அப்போ நெஞ்சு பலமா இருக்கற நீங்களே குழாயைப் பிடிச்சிருக்கலாம்."

செவெரின் டின்னைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பதினொரு மெழுகுதிரித் திருநாள் அவர் வந்தார். ஒவ்வொரு முறையும் மரத்தில் கை வைத்து இழுத்தார், ஒவ்வொரு முறையும் செதில் வந்தது. மருந்து அடிக்காதவள் சுரண்டி மட்டும் என்ன ஆகப்போகிறது என்று அஃப்ரா சுரண்டுவதையும் விட்டிருந்தாள். ஒற்றை ஆளாக இருநூற்றுப் பன்னிரண்டு பெரிய மரத்தைச் சுரண்ட அவளுக்குத் தெம்பும் கிடையாது. மஞ்சள் தோட்டங்களுக்கு நடுவில் அவளுடையது மட்டும் சாம்பல் நிறத்தில், செதில் செதிலாக, சொறி பிடித்த மாடு போல நின்றது.

ஆனாலும் நிலம் போகவில்லை. இரண்டு சாட்சிகளில் ஒருவன் செவெரினின் மைத்துனன். அவன் வெற்றுத்தாளைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவான். மற்றவர் வெண்டலின். ஆற்றோரத்தில் அவருடைய தோட்டம் அஃப்ராவின் வேலியை ஒட்டியது. ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் வாய்க்கால் தண்ணீரில் வெண்டலினுடைய சனிக்கிழமை முறையைச் செவெரின் திருப்பிவிட்டுக்கொண்டார் என்று ஒரு வழக்கு. அதிலிருந்து செவெரின் வெள்ளை என்றால் வெண்டலின் கறுப்பு என்பார். அஃப்ராவை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "மரத்துக்கெல்லாம் பேன் பிடிச்சிருக்கு, ஒரு நாள் உக்காரவச்சு வாரி விடு" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வார். ஆனால் காகிதத்தை நீட்டினால் பேனாவைத் தொடமாட்டார். அஃப்ரா இதற்காக அவருக்கு நன்றி சொன்னதில்லை. வெண்டலினும் அதை எதிர்பார்க்கவில்லை.

முதல் நான்கு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிவப்புப்பேன் என்கிற பொடிப்பூச்சி இலையில் ஏறிச் சாற்றை உறிஞ்சி, ஜூலையில் தோட்டமே துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிடும். பழம் நெல்லிக்காய் அளவில் நின்றுபோகும். எல்லாம் சாறு பிழியத்தான் போயிற்று. அவள் ரை என்கிற கறுப்பு ரொட்டியை மோரில் நனைத்துச் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டினாள். மற்றவர்கள் சிவப்புப்பேனுக்கு இன்னொரு மருந்து, அது பலிக்காமல் போனதும் வேறொரு மருந்து என்று கோடையில் ஏழு தடவை எட்டுத் தடவை அடித்தார்கள். ஐந்தாவது வருஷம் அஃப்ராவின் இலை செப்டம்பர் வரை பச்சையாக நின்றது. ஆறாவது வருஷமும் அப்படித்தான். புழு விழுந்த பழம் இருந்தது, இல்லை என்றால் பொய். ஆனால் துரு இல்லை. என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எகோன். பழத்தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்ல வந்த ஆள், முப்பது வயது இருக்கும், சட்டைப்பையில் எப்போதும் உருப்பெருக்கிக் கண்ணாடி. எழுபத்தாறாம் வருஷம் ஜனவரியில், தரை இரும்பாக இறுகிக் கிடந்த ஒரு காலை நேரத்தில், அவர் அஃப்ராவின் மரத்திலிருந்து ஒரு செதிலைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

"பாருங்கம்மா" என்று கண்ணாடியை அவளிடம் கொடுத்தார்.

செதிலின் உட்பக்கத்தில், வெளிறிப்போய், எள்ளில் கால்வாசிகூட இல்லாத உயிர்கள் ஒன்பது, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவள் மூச்சுக்காற்று பட்டு ஒன்று காலை அசைத்தது.

"இதுவும் பேனா?"

"பேன்தான், ஆனா இது வேட்டைப்பேன். சிவப்பைப் பிடிச்சுத் தின்னும். மத்தவங்க அடிக்கற மருந்துல சிவப்பை விட இதுங்கதான் முதல்ல சாகுது. உங்க தோட்டத்துல மட்டும்தான் மிச்சம் இருக்கு."

"குளிர்ல சாகாதா?"

"மைனஸ் இருபதுலகூடத் தாங்கும். அஞ்சு மாசம் சாப்பாடு கிடையாது, அசையறதும் கிடையாது. மேல இந்தப் பட்டை இருக்கணும், அவ்வளவுதான். இது எல்லாமே பொம்பளைங்க. இலையுதிர்காலத்துலயே சேர்ந்துட்டு, வயித்துல வச்சுக்கிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்துல முட்டை."

"ஆம்பிளைங்க?"

"இலை விழும்போதே செத்துடும்."

"நல்ல ஏற்பாடு" என்றாள் அஃப்ரா.

எகோன் சிரித்தார். அஃப்ரா சிரிக்கவில்லை. அந்தச் செதிலை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே ஒரு சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். அன்றிலிருந்து தோட்டத்தில் ஏணி சாத்துவதென்றால் பட்டை உரியாமல் அதன் நுனியில் சாக்குச் சுற்றித்தான் சாத்துவாள். வெண்டலினின் ஆடு வேலி தாண்டி வந்து ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்தபோது, கல்லால் அடித்துக் கொம்பை உடைத்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளையில்லை, அந்தப் பேன்கள்தான் பிள்ளைகள் என்று சொல்லப்போவதில்லை. அவளுக்கு அவற்றின் மேல் பாசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து கொல்லப் பார்த்தும் சாகாமல் கிடக்கிற ஒன்று அவள் நிலத்தில் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எழுபத்தொன்பதில் பள்ளத்தாக்கில் எந்த மருந்துக்கும் சிவப்புப்பேன் அடங்கவில்லை. செவெரினுடைய தோட்டத்தில் ஆகஸ்டிலேயே இலை கொட்டியது. நவம்பரில் விடுதிக் கூடத்தில் எகோன் ஒரு கூட்டம் போட்டார். ஊரில் ஒரு தோட்டம் மட்டும் தப்பித்திருக்கிறது, அங்கே வேட்டைப்பேன் இருக்கிறது, வசந்தத்துக்கு முன்னால் அஃப்ராவின் மரத்திலிருந்து கிளைகளை வெட்டி உங்கள் மரங்களில் கட்டினால் அது பரவும், அதற்கு அவளைக் கேட்க வேண்டும் என்றார்.

"பேனுக்காகப் பேன்காரிகிட்ட போய் நிக்கணுமா?" என்று யாரோ கேட்டார்கள். கூடமே சிரித்தது. செவெரின் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எகோன் அந்த உயிர்கள் குளிர்காலத்தில் எங்கே இருக்கும், பட்டையை ஏன் தொடக் கூடாது என்று விளக்கினார். இரைச்சலில் அது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியரின் காதில் மட்டும் விழுந்தது. அவருக்கு ஒரு மரம்கூடக் கிடையாது.

செவெரினின் தலையில் ஓடியது வேறு. நிலம் என்னுடையது, மரம் என்னுடையது, அப்படியானால் மரத்தில் இருக்கிறதும் என்னுடையது; என் பொருளை நான் ஏன் கொட்டகைக்காரியிடம் கேட்க வேண்டும்? கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெண்டலினைப் பார்க்கப் போனார். இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த சனிக்கிழமைத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தார்.

மெழுகுதிரித் திருநாளன்று மூவரும் வந்தார்கள். அஃப்ரா முதல் வரிசையில் முதல் மரத்தின் கீழ் நின்றாள். செவெரின் உள்ளங்கையைத் தண்டில் வைத்து இழுத்தார். கை நிறையச் செதில்.

"பாத்துக்கோ, வெண்டலின்."

"பாத்தேன்."

"ஒழுங்கான விவசாயி வச்சிருக்கற மாதிரியா இருக்கு?"

வெண்டலின் வேலியைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

"பதினோரு வருஷமா இதே பட்டைதான் வெண்டலின்" என்றாள் அஃப்ரா. "இந்த வருஷம்தான் உன் கண்ணுல பட்டுதா?"

"கண்ணாடி மாத்தியிருக்கேன்."

"கண்ணாடியா, தண்ணியா?"

வெண்டலின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மைத்துனனும் போட்டான். செவெரின் கையில் இருந்த செதிலைத் தரையில் உதறி, பாக்கியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அஃப்ரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளுக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதற்காக நிலத்தைப் பிடுங்குகிறானோ அதைத்தான் கால்சட்டையில் துடைக்கிறான், அது அவனுக்குத் தெரியவில்லை.

"ஒரு வாரம் டைம் தரேன்" என்றார் செவெரின்.

"ஒரு வாரம் எதுக்கு. மூட்டையோட வந்தேன், மூட்டையோட போறேன். காசியானை மட்டும்தான் கூடத் தூக்கிட்டுப் போக முடியாது, அவனை நீதான் புதைச்சுட்டியே."

அதுவரை அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. கூட்டுறவுக் கிடங்கில் ஆப்பிள் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து, சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினாள். எகோன் அந்த மாதம் முழுதும் வேறொரு பள்ளத்தாக்கில் இருந்தார். யாருடைய நிலமானால் என்ன, மார்ச்சில் வந்து கிளை வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். கூட்டத்திலிருந்து செவெரின் பாதியில் போனதைக் கவனிக்காததால், அவருக்கு விஷயம் தெரியும் என்று நினைத்திருந்தார்.

செவெரின் முதலில் மரத்தைத் தொடுவதாக இல்லை. இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் விடுதியில் வெண்டலின் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"அழுக்கு மரம்னு என்கிட்ட கையெழுத்து வாங்கின. உன் கைக்கு வந்ததும் அழுக்கு அழகாயிடுச்சா செவெரின்?"

"பனி கரையட்டும்னு பாக்கறேன்."

"உங்கப்பா பனி கரையறதுக்கா காத்திருந்தார்? இல்ல, அப்ப நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றியா? சொல்லு, அதையும் எழுதிக் கொடுத்துடறேன்."

மேசையில் இருந்தவர்கள் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். செவெரினின் அப்பா, சின்ன வயதில் மகன் சுரண்டிய மரத்தில் ஒரு செதில் மிச்சமிருந்தால் ராத்திரிச் சோறு போடாதவர். அறுபது வயதை நெருங்கியும் செவெரினால் ஒரு செதிலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. திங்கட்கிழமை காலையில் இரண்டு ஆட்களோடும் மூன்று சுரண்டிகளோடும் ஆற்றோரத்துக்கு இறங்கினார்.

அஃப்ரா வேலைக்குப் போகிற பாதை அந்தத் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. இரும்பு பட்டையில் உரசுகிற சத்தம் அவளுக்குத் தூரத்திலேயே கேட்டது. வேலி அருகே நின்றாள். நான்கு மரம் முடிந்திருந்தது. தண்டு தோலுரித்த முயல் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது, பனியின் மேல் செதில் குவிந்து கிடந்தது.

செவெரின் அவளைப் பார்த்ததும் ஆட்களை விட்டு விலகி வேலிக்கு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அஃப்ரா. அந்தப் பேன் குளிர்காலத்துல எங்க இருக்கும்?"

அவரால் எகோனுக்குத் தகவல் அனுப்பிக் கேட்டிருக்க முடியும். அப்படிக் கேட்டால் தெரியாது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டதாகிவிடும். இவளிடம் கேட்பது வேறு. இவள் சொல்வதை ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்? அஃப்ராவின் மனதில் இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. காசியானின் காதுக்குப் பின்னால் இருந்த மஞ்சளும் ஓடியது.

"இலை விழும்போது அதோட சேர்ந்து இறங்கிடும்" என்றாள். "புல்லுக்குள்ள போயிடும். வசந்தத்துல மேல ஏறும்."

"தண்டுல ஒண்ணும் இல்லையே?"

"தண்டுல என்ன இருக்கும்? அழுக்குத்தான்."

செவெரின் தலையாட்டினார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்வதை அவள் பார்த்தாள். "புல்லை மிதிக்காம பலகை போட்டு நடங்கடா" என்று ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுச் சுரண்டியைக் கையில் எடுத்தார்.

அன்றைக்கு அஃப்ராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. கிடங்கில் பெல்ட்டில் வருகிற ஆப்பிளைப் பிரித்துக்கொண்டே வாய்க்குள் பாடினாள், பக்கத்தில் நின்றவள் பயந்துபோனாள். செவ்வாய்க்கிழமை இரண்டு வரிசை முடிந்திருந்தது. புதன்கிழமை பாதித் தோட்டம். அன்று மாலை திரும்பும்போது அவள் சுரண்டாத மரங்களை எண்ணினாள். நாலு வருஷம் ஏணிக்குச் சாக்குச் சுற்றியவள் அவள்தானே. மிச்சமிருக்கிற பாதியாவது இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலிப்பக்கம் போனாள். அங்கே செவெரின் புல்லின் மேல் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். வியாழனும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வரிசை. சனிக்கிழமை மஞ்சள் இயந்திரம் வந்தது. புல்லில் சொட்டாமல் இருக்க மரத்துக்கடியில் சாக்கு விரித்து அடித்தார்கள்.

மார்ச்சில் எகோன் கிளை வெட்டுகிற கத்திரியோடும் பெட்டிகளோடும் வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் மரங்களைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கண்ணாடியோடு ஒவ்வொரு கிளையாகத் தேடினார். பிறகு நேராகக் கிடங்குக்கு வந்தார்.

"தினம் அந்த வழியாத்தானே வரீங்க?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அஃப்ராம்மா. உங்களுக்குத் தெரியுமே."

"சொல்லியிருக்கலாம்."

"அவருக்கு மட்டுமில்ல, ஊருக்கே அதுதான் இருந்துச்சு."

"ஊர்ல யாராவது எனக்காக ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

எகோன் காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தக் கோடையில் ஆற்றோரத் தோட்டம் ஜூலையிலேயே துருவாகிவிட்டது. செவெரின் புல்லை வெட்டவே இல்லை; இடுப்பளவு வளர்ந்த புல்லில் மண்டியிட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பதை வழியில் போகிறவர்கள் பார்த்தார்கள். அடுத்த வருஷமும் புல்லை வெட்டவில்லை. ஒழுங்கான விவசாயி இப்படியா தோட்டம் வைத்திருப்பான் என்று வெண்டலின் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் வருஷம் செவெரின் பாதி மரங்களைப் பிடுங்கினார்.

எட்டு வருஷம் கழித்துத்தான் வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து வேட்டைப்பேன் வந்தது, முரட்டுக் கம்பளித் துணிப் பட்டைகளில். அங்கே இலையுதிர்காலத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டி வைத்தால், குளிர்காலத்துக்கு ஒதுங்குகிற பேன்கள் மரப்பட்டைக்குள் போவது போல அதற்குள் போய் அடங்கிவிடும். ஜனவரியில் அவிழ்த்து இங்கே கொண்டுவந்து கட்டுவது. மஞ்சள் மருந்தை அதற்குள் எல்லோரும் விட்டிருந்தார்கள். கட்டுவதற்குக் கை வேண்டும் என்று கிடங்கில் ஆள் எடுத்தபோது அஃப்ராவும் போனாள். ஐம்பத்தேழு வயது, விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. எந்தத் தோட்டம் யாருக்கு என்று எகோன் சீட்டுப் பிரித்துக் கொடுத்தார். ஆற்றோரத் தோட்டம் அவளுக்கு வந்தது. எகோன் வேண்டுமென்றே செய்தாரா என்று அவள் கேட்கவில்லை.

நூற்றுச்சொச்சம் மரம் மிச்சம். அவள் மூன்றாவது வரிசையில் கட்டிக்கொண்டிருந்தபோது செவெரின் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றார். அவள் துணியைத் தண்டைச் சுற்றி இழுத்து, கம்பியால் முறுக்கினாள்.

"தண்டுல ஏன் கட்டற? புல்லுல போட வேண்டியதுதானே."

அஃப்ரா முறுக்குவதை நிறுத்தவில்லை. "அதுங்க குளிர்காலம் முழுக்கத் தண்டுலதான் இருக்கும். பட்டைக்குள்ள."

முறுக்கி முடித்து அடுத்த மரத்துக்குப் போனாள். அவரும் கம்போடு பின்னாலேயே வந்தார்.

"அன்னிக்குப் புல்லுலன்னு சொன்னே."

"சொன்னேன்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே தெரியும்."

செவெரின் மரத்தில் கையை வைத்தார், பழைய வழக்கம்போல இழுக்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டார்.

"நான் உன்னைத்தான் கேட்டேன் அஃப்ரா" என்றார். "வேற யாரையும் கேக்கல. நீ சொன்னா சரியா இருக்கும்னு."

"தெரியும்" என்றாள் அஃப்ரா. "அதனாலதான் சொன்னேன்."

இந்த வார்த்தையைச் சொல்ல அவள் எட்டு வருஷம் காத்திருந்தாள். எந்த மாதிரி சொல்வது, எப்படி நின்றுகொண்டு சொல்வது என்றெல்லாம் கிடங்கில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று யோசித்து வைத்திருந்தாள். சொன்ன பிறகு அதில் ஒரு ருசியும் இல்லை. சுற்றிலும் பிடுங்கிய மரங்களின் குழிதான் இருந்தது.

"கையை எடு, துணி சுத்தணும்" என்றாள்.

அவர் கையை எடுத்தார். அவள் துணியைச் சுற்றிக் கம்பியை முறுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.